ஹெர்மன் மெல்வில்: கட்டளையும் கீழ்ப்படிதலும்

அமெரிக்க நாவலாசிரியர்களுள், உயிரோடு இருந்தபோதே புகழ் பெற்று, உயிரோடு இருந்தபோதே அதனை முற்றும் இழந்து, மறைந்து முப்பது ஆண்டுகள் சென்றபின் முன்னிலும் பன்மடங்காக அதனை மீண்டும் அடைந்தவர் ஹெர்மன் மெல்வில். ஆகவே அவருடைய சரித்திரத்தை எழுதப் புகுந்தோரில் பெரும்பாலோர் ஏற்றம், வீழ்ச்சி, மீட்சி என்ற மூன்று அங்கங்களையுடைய நாடகமாகவே அதனை அமைத்துக் காட்டியிருக்கின்றனர். உலகம் உணராத மேதை, மனமொடிந்து மௌனத்தில் ஆழ்ந்த ஆசிரியர், காலங்கடந்து கிடைத்த நீதி என்னும் சித்திரங்கள் வாசகர் மனத்தில் வேரூன்றியதற்கு இதுவே காரணம். இவை பொய்யென்று தள்ளத்தக்கன அல்ல. ஆயினும் இவை கூறுவது புத்தகச் சந்தையின் சரித்திரமே. மெல்வில் எழுதியவற்றைக் கால முறைப்படி வைத்துக்கொண்டு ஆராய்வோருக்கு, 1846-இல் வெளிவந்த முதல் நூல் தொடங்கி 1891-இல் முற்றுப்பெறாது நின்ற கடைசிக் கதை வரை, ஒரே விசாரணை இடையறாமல் நடந்து வந்திருப்பது புலனாகும். ஒருவன் கட்டளையிடுகிறான், மற்றொருவன் பணிகிறான். கட்டளை அநியாயமானது என்று தெரிந்த பின்னும் பணிகின்றவன் பெரும்பாலும் தீயவனல்லன். அயலார் மெச்சும் நல்லவனே. அங்ஙனமாயின் விளைந்த தீமைக்குப் பொறுப்பாளி யார்? மெல்வில்லின் வாழ்க்கையையும் நூல்களையும் இந்த ஒரு வினாவின் துணைகொண்டு பார்வையிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடியும் இளமையும்

மெல்வில் 1819 ஆகஸ்டு 1-ஆம் தேதி நியூயார்க் நகரில், எட்டுக் குழந்தைகளில் மூன்றாமவராகப் பிறந்தார். அவருடைய பாட்டனார் இருவரும் அமெரிக்க விடுதலைப் போரில் பெயர் பெற்றவர்கள். தந்தைவழிப் பாட்டனாரான மேஜர் தாமஸ் மெல்வில், 1773-இல் பாஸ்டன் துறைமுகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கவிழ்த்த கூட்டத்தில் ஒருவர். அன்றிரவு அவருடைய காலணிகளில் சிக்கி வந்த தேயிலை ஒரு கண்ணாடிக் குப்பியில் இடப்பட்டுக் குடும்பத்தின் பெருமைக்குரிய பொருளாகப் பாதுகாக்கப்பட்டு வந்தது. தாய்வழிப் பாட்டனாரான ஜெனரல் பீட்டர் கான்ஸ்வூர்ட், 1777-இல் பிரிட்டிஷாரின் முற்றுகைக்கு ஈடுகொடுத்து ஸ்டான்விக்ஸ் கோட்டையைக் காத்தவர். சட்டத்தை மீறியதால் ஒருவரும், கட்டளையிட்டு நடத்தியதால் ஒருவரும் வீரராகக் கொண்டாடப்பட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, மீறுதல் எப்போது புண்ணியம், எப்போது குற்றம் என்ற ஐயம் பிற்காலத்தில் எழுந்தது வியப்பன்று.

தந்தையான ஆலன் பிரெஞ்சுத் துணிமணிகளை இறக்குமதி செய்து விற்ற வணிகர். கடன்மேல் கடன் வாங்கி ஆடம்பரமாக வாழ்ந்த அவர் 1830-இல் வியாபாரம் முறிந்து குடும்பத்தோடு ஆல்பனி நகருக்குக் குடிபெயர்ந்தார். 1832 ஜனவரியில், சித்தம் கலங்கிய நிலையில் உயிர் துறந்தார். பன்னிரண்டு வயதுச் சிறுவனான ஹெர்மனின் படிப்பு அத்துடன் தடைப்பட்டது. வங்கியில் குமாஸ்தாவாகவும், பெரிய தந்தையாரின் பண்ணையில் உழைப்பாளியாகவும், தமையனாரின் கம்பளித்தோல் கடையில் உதவியாளாகவும், கிராமப் பள்ளிக்கூட உபாத்தியாயராகவும் அவர் மாறி மாறிக் காலங்கழித்தார். எதிலும் நிலையான ஜீவனம் அமையாமையால், 1839-இல் லிவர்ப்பூலுக்குச் சென்ற ஒரு சரக்குக் கப்பலில் எடுபிடிப் பையனாக ஏறினார்.

கடல் வாழ்க்கை

மெல்வில்லுக்குச் சர்வகலாசாலையாக அமைந்தது கடலே. 1841 ஜனவரியில், மாஸசூஸெட்ஸ் மாகாணத்துப் பேர்ஹேவன் துறையிலிருந்து அக்குஷ்னெட் என்ற திமிங்கில வேட்டைக் கப்பலில் அவர் புறப்பட்டார். மண்ணெண்ணெய் வழக்கத்திற்கு வராத அக்காலத்தில் விளக்குகள் பல திமிங்கில எண்ணெயினாலேயே எரிந்தன. ஸ்பெர்ம் வகைத் திமிங்கிலத்தின் தலைக்குள் இருக்கும் மெழுகு போன்ற கொழுப்பு உயர்ந்த மெழுகுவத்திகளுக்கும், அதன் எண்ணெய் விளக்குகளுக்கும் இயந்திரங்களுக்கும் பயன்பட்டன. 1840-களின் நடுப்பகுதியில் 700-க்கு மேற்பட்ட அமெரிக்கக் கப்பல்கள் இத்தொழிலில் ஈடுபட்டிருந்தன. இவற்றில் மாலுமிகளுக்கு மாதச் சம்பளம் கிடையாது. மூன்று நான்கு ஆண்டுகள் கழித்துக் கப்பல் திரும்பும்போது கிடைக்கும் இலாபத்தில் இத்தனையில் ஒரு பங்கு என்று பேசிக்கொண்டே ஆள் சேர்த்தனர். இடைக்காலத்தில் வாங்கிய உடை, புகையிலை முதலியவற்றின் விலையைக் கழித்துப் பார்க்கையில் கடன்காரராகவே கரையேறியோர் அநேகர். ஆதலால் வழியில் தீவு கண்ட இடங்களிலெல்லாம் மாலுமிகள் தப்பியோடுவது சகஜமாயிருந்தது.

மெல்வில்லும் அவ்வாறே செய்தார். 1842 ஜூலையில், மார்க்கேஸாஸ் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த நுக்குஹீவாவில் டோபி கிரீன் என்ற தோழனோடு கப்பலைவிட்டு ஓடி, மனிதரைத் தின்போர் என்று அயலார் அஞ்சிய டைப்பிக் குடியினரிடம் சில வாரங்கள் தங்கினார். பின்னர் அவரை ஏற்றிச் சென்ற ஆஸ்திரேலியக் கப்பலொன்றில், வேலை செய்ய மறுத்த மாலுமிகளோடு சேர்ந்தமையால் டாஹிட்டித் தீவில் காவலில் வைக்கப்பட்டார். அங்கிருந்தும் நழுவி, மூன்றாவது வேட்டைக் கப்பலொன்றில் ஹவாய் சேர்ந்தார். இறுதியில் 1843 ஆகஸ்டில், யுனைடெட் ஸ்டேட்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் சாதாரண மாலுமியாகப் பதிவு செய்துகொண்டு, 1844 அக்டோபரில் பாஸ்டனில் வந்திறங்கினார். ஓடிப்போனவன், கலகத்தில் சேர்ந்தவன், பிறகு கசையடியின் நிழலில் பதினான்கு மாதம் பணிந்து நின்றவன் என்ற மூன்று நிலைகளையும் இருபத்தைந்து வயதுக்குள் அவர் நேரே அனுபவித்துவிட்டார்.

முதல் ஐந்து நூல்கள்

தீவு வாசத்தின் கதையான டைப்பி 1846-இல் லண்டனிலும் நியூயார்க்கிலும் வெளிவந்தது. நான்கு வாரத் தங்கலை நான்கு மாதமாக நீட்டியும், பிறர் எழுதிய பிரயாண நூல்களிலிருந்து செய்திகளை எடுத்துச் சேர்த்தும் அமைந்த நூல் அது. இது மெய்யா கற்பனையா என்று பத்திரிகைகள் வாதாடிக்கொண்டிருந்த சமயத்தில், இறந்துபோனதாகக் கருதப்பட்ட டோபி கிரீனே பபலோ நகரிலிருந்து, தாம் உயிரோடிருப்பதாகவும் கதை உண்மையென்றும் எழுதினார். புத்தகத்தின் விற்பனைக்கு இதைவிடச் சிறந்த விளம்பரம் வேண்டியதில்லை. ஆயின் தீவு மக்களை நாகரிகப்படுத்துவதாகச் சொல்லிக்கொண்டு வந்த பிரெஞ்சுக் கடற்படையையும் பாதிரிமாரையும் அந்நூல் தாக்கியிருந்த பகுதிகள் அமெரிக்காவில் எதிர்ப்பைக் கிளப்பவே, பிந்திய பதிப்பில் அவை நீக்கப்பட்டன. டாஹிட்டி அனுபவங்களைக் கூறும் ஓமூ 1847-இல் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், மாஸசூஸெட்ஸ் மாகாணத் தலைமை நீதிபதியான லெமூவல் ஷாவின் மகள் எலிஸபெத்தை மெல்வில் மணந்தார். டைப்பியையும் அவர் ஷாவுக்கே சமர்ப்பித்திருந்தார் என்பதைப் பின்னால் பயன்படும் பொருட்டு நினைவில் வைத்தல் வேண்டும்.

1849-இல் வெளியான மார்டி, கடற்கதையாகத் தொடங்கித் தத்துவக் கனவாக மாறி, வாசகரையும் விமரிசகரையும் ஒருங்கே வெறுப்படையச் செய்தது. குடும்பச் செலவுக்குப் பணம் வேண்டியிருந்ததால், அதே ஆண்டுக் கோடையில் சில மாதங்களுக்குள் ரெட்பர்ன், வெள்ளைச் சட்டை என்ற இரு நூல்களை அவர் எழுதி முடித்தார்; பணத்தின் பொருட்டுச் செய்த வேலை என்று அவரே இவற்றை இகழ்ந்தாலும், அந்த இகழ்ச்சியை நாம் ஏற்க வேண்டுவதில்லை. ரெட்பர்னில் வரும் இளைஞன், லிவர்ப்பூல் தெருவொன்றில் நிலவறைக்குள் ஒரு தாயும் குழந்தைகளும் பட்டினியால் செத்துக்கொண்டிருப்பதைக் கண்டு, தெருவில் நின்றோரிடமும் காவற்காரனிடமும் விடுதிக்காரியிடமும் ஓடி ஓடி முறையிடுகிறான். ஒவ்வொருவரும் அது தம் வேலையன்று என்கின்றனர். எவரும் கொடியவரல்லர், எல்லாரும் தத்தம் கடமையின் எல்லைக்குள் நிற்பவரே. மெல்வில்லின் விசாரணை தெளிவான வடிவம் பெறுவது இவ்விடத்தில்தான்.

1850-இல் வெளிவந்த வெள்ளைச் சட்டை போர்க்கப்பல் வாழ்க்கையைப் பற்றியது. மாலுமிகளைத் திரட்டி நிறுத்திப் படைச்சட்டம் வாசிக்கப்படுகிறது. குற்றத்துக்குக் குற்றம் மரண தண்டனை என்றே அது முழங்குகிறது. குற்றமற்ற கதாநாயகனையே ஒருநாள் கசையடிக்காக நிறுத்துகிறார்கள். காப்டன் நிற்குமிடத்தை அவன் அளந்து பார்க்கிறான். ஒரே பாய்ச்சலில் அவரையும் இழுத்துக்கொண்டு கடலில் விழுந்துவிடலாம் என்று நினைக்கிறான். அத்தருணத்தில், தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்வந்து, இவன் பொய் சொல்பவனல்லன் என்று ஒரு சிப்பாயும், அவனைத் தொடர்ந்து ஜாக் சேஸ் என்ற மாலுமியும் சாட்சி கூறுகின்றனர். காப்டன் திரும்பிப் போய்விடுகிறார். கொலையொன்றும் தற்கொலையொன்றும் இரண்டு மனிதர் வாய் திறந்தமையால் நின்றுபோயின. அமெரிக்கக் கடற்படையில் கசையடியை ஒழிக்கும் சட்டம் அதே 1850-ஆம் ஆண்டு செப்டம்பரில் நிறைவேறியது. அதற்கு இந்நூலே காரணமென்று சொல்வது மிகை; பல ஆண்டுகளாக நடந்துவந்த கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு குரல் கொடுத்தது எனலாம்.

மோபி டிக்

1850-இல் மெல்வில் பிட்ஸ்பீல்டு என்ற ஊருக்கருகே ஒரு பண்ணை வீட்டை வாங்கி அதற்கு ஆரோஹெட் என்று பெயரிட்டார். அவ்வாண்டு ஆகஸ்டு 5-ஆம் தேதி, நண்பர்கள் கூடி மலையேறிய ஒரு விருந்தில் நத்தானியல் ஹாதார்னைச் சந்தித்தார். தம்மைவிடப் பதினைந்து வயது மூத்தவரான ஹாதார்னிடம் அவர் கொண்ட பற்றும், அதற்கு முந்திய ஆண்டு ஷேக்ஸ்பியரைப் பெரிய எழுத்துப் பதிப்பில் ஊன்றிப் படித்த படிப்பும், எழுதிக்கொண்டிருந்த வேட்டைக் கதையை வேறொரு உயரத்துக்குக் கொண்டுசென்றன. 1851 அக்டோபரில் திமிங்கிலம் என்ற பெயரோடு லண்டனிலும், நவம்பரில் மோபி டிக் என்ற பெயரோடு நியூயார்க்கிலும் அது வெளிவந்தது. ஹாதார்னுக்கே சமர்ப்பணம் செய்யப்பட்டது.

கதையின் வித்து மெய்ச்சம்பவமே. 1820-இல் எஸ்ஸெக்ஸ் என்ற கப்பலைப் பசிபிக் சமுத்திரத்தில் ஒரு திமிங்கிலம் மோதி மூழ்கடித்தது. அதில் பிழைத்த ஓவன் சேஸ் எழுதிய வரலாற்றை மெல்வில் படித்திருந்தார். மோக்கா டிக் என்ற வெள்ளைத் திமிங்கிலத்தைப் பற்றிய ஒரு கட்டுரையும் 1839-இல் பத்திரிகையொன்றில் வந்திருந்தது. இவற்றின்மேல் அவர் எழுப்பிய கட்டடம் 135 அத்தியாயங்களும் ஒரு முடிவுரையும் கொண்டது. பீக்வாட் என்ற கப்பலின் தலைவன் ஆகாப், தன் காலைக் கடித்த வெள்ளைத் திமிங்கிலத்தைப் பழிவாங்குவதற்காக, எண்ணெய் சேர்க்கப் புறப்பட்ட கப்பலையும் அதன் ஆட்களையும் உலகத்தின் மறுபுறம் வரை இழுத்துச் செல்கிறான். கப்பலும் ஆகாபும் அழிய, இஸ்மவேல் என்ற மாலுமி ஒருவனே மிஞ்சிக் கதை சொல்கிறான். இரு பெயர்களும் விவிலியத்தைச் சேர்ந்தவை: ஒன்று கொடுங்கோல் மன்னனுடையது, மற்றொன்று வீட்டைவிட்டு வனாந்தரத்துக்குத் துரத்தப்பட்ட மகனுடையது.

கதைக்கு நடுவே திமிங்கிலங்களின் இன வகுப்பு, ஓவியங்களில் அவற்றின் உருவம், வெண்மை என்னும் நிறம் தரும் அச்சம், கொழுப்பை உருக்கும் உலை எனப் பல பொருள்களைப் பற்றிய தனி அத்தியாயங்கள் குறுக்கிடுகின்றன. அவற்றிலொன்றில் வேட்டைத் தொழிலின் பெருமையைக் கூறவந்த இஸ்மவேல், தம் இனத்து வீரர்களின் ஜாபிதாவில் விஷ்ணுவையும் சேர்த்துக்கொள்கிறான். கடலடியில் கிடந்த வேதங்களை மீட்க மீனாய் அவதரித்தவர் திமிங்கிலமாகவே அவதரித்தார் என்பது அவன் வாதம். எலிபெண்டாக் குகைச் சிற்பங்களில் மச்சாவதாரத்தைத் தேடும் பகுதியும் உண்டு. நம் நாட்டுப் புராணத்தை மெல்வில் ஆழக் கற்றவரென்று இதைக்கொண்டு சாதிக்க இயலாது. பாதி விளையாட்டாகவே பேசுகிறார். ஆயினும் பாரசீகம், யூதம், இந்து சமயம், பசிபிக் தீவுகளின் வழிபாடு ஆகிய அனைத்தையும் ஒரே கப்பலில் ஏற்றிச் சமமாக உட்கார வைக்கும் துணிவு அக்கால ஆசிரியரிடத்தில் அரிதாகக் காணப்படுவது.

ஆகாபின் ஆங்காரத்தை வியந்து எழுதியோர் பலர். நூலின் நுட்பம் ஆகாபிடம் மட்டும் இல்லை என்பது என் அபிப்பிராயம். முப்பது பேர் ஏன் அவன் பின்னே சென்றனர் என்பதே அதனினும் கடினமான வினா. ஆகாப் பாய்மரத்தில் ஒரு பொற்காசை ஆணியடித்து வைத்து, திமிங்கிலத்தை முதலில் காண்பவனுக்கு அது உரியது என்கிறான். ஈட்டி முனைகளின் குழிவில் மதுவை வார்த்துக் கொடுத்துச் சபதம் வாங்குகிறான். தன் கூச்சலும் அக்கூட்டத்தின் கூச்சலோடு எழுந்தது என்பதை இஸ்மவேல் மறைக்காமல் ஒப்புக்கொள்கிறான். எதிர்த்துப் பேசுகிற ஒரே மனிதன் முதல் துணைத்தலைவனான ஸ்டார்பக். பக்தியும் நேர்மையும் வீரமும் உடையவன். ஊரில் மனைவியும் சிறு மகனும் அவனுக்காகக் காத்திருக்கின்றனர். ஒருநாள் எண்ணெய்ப் பீப்பாய்கள் ஒழுகுவதைச் சொல்லப்போன அவன்மீது ஆகாப் துப்பாக்கியை நீட்டுகிறான். சில காலத்துக்குப் பின், புயல் அடங்கிய இரவில், காற்றின் திசை மாறியதை அறிவிக்க வந்த ஸ்டார்பக், ஆகாப் உறங்கும் அறைவாசலில் அதே துப்பாக்கியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். விசையை ஒரு முறை அழுத்தினால் முப்பது உயிர் பிழைக்கும். தன் மனைவியையும் மகனையும் மீண்டும் பார்க்கலாம். உள்ளே கிழவன் தூக்கத்தில் திமிங்கிலத்தை நோக்கிக் கத்துகிறான். ஸ்டார்பக்கின் கை நடுங்குகிறது. துப்பாக்கியை நிறுத்தியிருந்த இடத்திலேயே மீண்டும் வைத்துவிட்டு, ஆகாபை எழுப்பிச் செய்தி சொல்லும்படி வேறொருவனை அனுப்புகிறான். அங்கே அவன் தோற்றது கோழைத்தனத்தால் அன்று. சட்டத்தை மதிக்கும் நற்குணத்தாலேயே தோற்றான். நன்மை தன் கைகளைத் தானே கட்டிக்கொள்ளும் இக்காட்சிக்கு நிகரானதை உலக நாவல்களில் நான் அதிகம் கண்டதில்லை.

வெளிவந்த காலத்தில் இந்நூல் முழுத் தோல்வி என்று சொல்வது சரியன்று. பாராட்டிய மதிப்புரைகளும் இருந்தன. ஆனால் லண்டன் பதிப்பில் முடிவுரை விடுபட்டுப்போகவே, எல்லாரும் இறந்தபின் கதை சொன்னது யார் என்று சில விமரிசகர் எள்ளி நகையாடினர். ஆசிரியரின் வாழ்நாள் முழுவதிலும் அமெரிக்காவில் விற்ற பிரதிகள் மூவாயிரத்தைச் சிறிதே தாண்டின.

கரையோரக் கதைகள்

1852-இல் வெளிவந்த பியேர் என்ற நாவலோடு மெல்வில்லின் பெயர் கெட்டது. அவருக்குச் சித்தப்பிரமை என்றே ஒரு பத்திரிகை தலைப்பிட்டு எழுதியது. 1853 டிசம்பரில் அவருடைய பிரசுரகர்த்தரான ஹார்ப்பர் கம்பெனியின் கட்டடம் தீப்பற்றி அவருடைய புத்தகங்களின் கையிருப்பும் எரிந்துபோயிற்று. எனினும் அவர் எழுதிய மிகச் செறிவான இரு கதைகள் இக்காலத்தவையே.

பார்ட்டில்பி என்ற கதை 1853-இல் ஒரு மாதப் பத்திரிகையில் ஆசிரியர் பெயரின்றி வந்தது. வால் ஸ்திரீட்டில் வக்கீல் ஒருவரிடம் பத்திரங்களைப் பிரதி எடுக்கும் குமாஸ்தா, ஒருநாள் இட்ட வேலையைச் செய்ய விருப்பமில்லை என்று அமைதியாகக் கூறுகிறான். கோபமில்லை, காரணமில்லை, கலகமில்லை. கடைசியில் பிரதி எடுப்பதையும் விட்டு, அறையைவிட்டுப் போவதற்கும் இணங்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். வக்கீல் இரக்கமுள்ளவர், அவனை அடிக்கவில்லை, போலீசாரையும் அழைக்கவில்லை. தம் கச்சேரியையே வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டு போகிறார். புதிதாக வந்தவர்கள் அவனைச் சிறைக்கு அனுப்ப, உணவையும் மறுத்து அவன் அங்கே இறக்கிறான். ஸ்டார்பக் மறுக்க முடியாமல் பணிந்தவன் என்றால், பார்ட்டில்பி மறுப்பதையன்றி வேறொன்றும் அறியாதவன். இருவருக்கும் கிடைத்த முடிவு ஒன்றே என்பதை ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர் தவறாமல் உணர்வர்.

1855-இல் வந்த பெனிட்டோ செரீனோ, அமாஸா டெலானோ என்ற அமெரிக்கக் காப்டன் தம் பிரயாண நூலில் எழுதிவைத்த மெய்ச்சம்பவத்தை ஆதாரமாகக் கொண்டது. துன்பத்துக்குள்ளான ஒரு ஸ்பானிஷ் கப்பலுக்கு உதவச் செல்கிற டெலானோ, அங்கே அடிமைகள் பணிவாகவும், பாபோ என்பவன் தன் எஜமானரை நிழல்போல் தொடர்ந்து உபசரிப்பவனாகவும் இருப்பதைக் கண்டு மகிழ்கிறார். உண்மையில் கப்பலை அடிமைகள் கைப்பற்றியாயிற்று. எஜமானராகத் தோன்றுபவரே கைதி. பாபோ அவருக்கு முகச்சவரம் செய்யும் காட்சியில், கழுத்தைச் சுற்றிய துணி ஸ்பெயின் தேசத்துக் கொடி, தொண்டையருகே கத்தி. பார்த்துக்கொண்டே நிற்கும் டெலானோ, அடிமைகளின் எஜமான விசுவாசத்தை வியந்துகொள்கிறார். அடிமைத்தனத்தைக் கொடுமையென்று கூறிய நூல்கள் அக்காலத்தில் பல. அதனைச் சகஜமெனக் கருதிவிட்ட நல்லெண்ணம் எவ்வளவு குருடானது என்று காட்டியது இது. நாட்டில் உள்நாட்டுப் போர் வெடிக்க அப்போது ஆறே ஆண்டுகள் இருந்தன.

சுங்கத் துறையில்

1857-இல் வெளிவந்த ‘நம்பிக்கை மோசக்காரன்’ என்ற நாவலோடு மெல்வில் உரைநடைக் கதைகளைப் பிரசுரிப்பதை நிறுத்தினார். அதற்குச் சற்று முன் மாமனாரின் பொருளுதவியால் பாலஸ்தீனம் சென்றபோது, வழியில் லிவர்ப்பூலில் அமெரிக்கக் கான்ஸலாக இருந்த ஹாதார்னைக் கண்டு, கடற்கரை மணல்மேட்டில் அமர்ந்து கடவுள், மறுமை முதலியவற்றைப் பற்றிப் பேசினார். நம்பவும் இயலாமல், நம்பாமையில் நிம்மதி காணவும் இயலாமல் தவிப்பவர் என்ற கருத்தில் ஹாதார்ன் தம் குறிப்பேட்டில் எழுதியது மெல்வில்லைப் பற்றிய மிகச் சிறந்த வருணனையாக இன்றும் எடுத்துக் காட்டப்படுகிறது.

1866 டிசம்பரில் நியூயார்க் சுங்க இலாகாவில் தினம் நான்கு டாலர் ஊதியத்துக்கு இன்ஸ்பெக்டராக அமர்ந்து, 1885 முடியப் பத்தொன்பது ஆண்டுகள் பணியாற்றினார். இலஞ்சத்துக்குப் பேர்போன அந்த இலாகாவில் அவர் கறைபடாமல் இருந்தார் என்பர். ஒருநாள் தம் தாய்வழிப் பாட்டனாரின் பெயர் தாங்கிய ஹோட்டலில் நுழைந்து, கான்ஸ்வூர்ட் என்பது யார் பெயர் என்று கேட்டார். முற்காலத்தில் இப்பக்கத்தில் நிலபுலம் வைத்திருந்த ஏதோவொரு பணக்காரக் குடும்பத்தின் பெயர் என்று விடை வந்தது. புகழின் நிலையாமையைக் குறித்து அன்று தாம் யோசித்ததைத் தாயாருக்குக் கடிதத்தில் வேடிக்கையாக எழுதினார். வீட்டிலோ வேடிக்கைக்கு இடமில்லை. மூத்த மகன் மால்கம் 1867-இல் தன் அறையில் துப்பாக்கிக் குண்டுபட்டுப் பதினெட்டு வயதில் இறந்தான். இளைய மகன் ஸ்டான்விக்ஸ் 1886-இல் சான்பிரான்ஸிஸ்கோவில் மாண்டான்.

இவ்வாண்டுகளை மௌன காலம் என்று வழங்குவது பொருந்தாது. உள்நாட்டுப் போர்ப் பாடல்களை 1866-இலும், பாலஸ்தீன யாத்திரையைக் கருவாகக் கொண்ட ஏறக்குறைய 18,000 அடிகள் கொண்ட கிளாரெல் என்ற காவியத்தை 1876-இலும் அவர் வெளியிட்டார். 1888-இலும் 1891-இலும் இரண்டு சிறு கவிதை நூல்களை இருபத்தைந்து பிரதிகளே அச்சிட்டு நண்பருக்கு வழங்கினார். 1891 செப்டம்பர் 28-ஆம் தேதி எழுபத்திரண்டாம் வயதில் காலமானார்.

பில்லி பட்

அவர் விட்டுச்சென்ற காகிதங்களை மனைவி பத்திரப்படுத்தினார். 1919-இல் ரேமண்ட் வீவர் என்ற கொலம்பியா சர்வகலாசாலை ஆசிரியர் மெல்வில்லின் பேத்தியை அணுகியபோது, அடித்தல் திருத்தல் மலிந்த பில்லி பட் கையெழுத்துப் பிரதி அவர் கைக்கு வந்தது. 1924-இல் லண்டனில் முதன்முறையாக அச்சேறியது.

1797-ஆம் ஆண்டு, பிரிட்டிஷ் கடற்படையில் பெருங்கலகங்கள் அடங்கிச் சில மாதங்களே ஆகியிருக்கின்றன. மனித உரிமைகள் என்ற பெயருடைய வணிகக் கப்பலிலிருந்து பலவந்தமாகப் போர்க்கப்பலுக்கு மாற்றப்பட்ட பில்லி, அழகும் வெள்ளை உள்ளமும் உடைய இளைஞன். மனக்கொதிப்பில் நாத்திக்கும் குறை ஒன்றே அவனுக்கு உண்டு. கிளாகார்ட் என்ற அதிகாரி அவன்மீது கலகக் குற்றத்தைப் பொய்யாகச் சுமத்துகிறான். காப்டன் வீர் முன்னிலையில் மறுமொழி சொல்ல நாவெழாமல் பில்லி அவனை அறைய, அவன் அவ்விடத்திலேயே மாய்கிறான். பில்லி நிரபராதி என்பது வீருக்கு நன்றாகத் தெரியும். ஆயினும் அவசர விசாரணை கூட்டி, நாம் அணிந்திருப்பது அரசனின் பொத்தான்கள், நம் பற்றுறுதி இயற்கைக்கு அன்று, அரசனுக்கே என்ற கருத்தில் வாதாடித் தயங்கிய அதிகாரிகளைத் தூக்குத் தண்டனைக்கு இணங்க வைக்கிறார். வெள்ளைச் சட்டையில் இருவர் வாய் திறந்து தடுத்த அநியாயத்தை இங்கே தடுக்க வேண்டியவரே முன்னின்று நடத்துகிறார். அவரும் கல்வியும் கருணையும் உள்ளவரே.

இக்கதைக்குப் பின்னே இரு மெய்ச்சம்பவங்களின் நிழல் தெரிகிறது. 1842-இல் ஸோமர்ஸ் என்ற அமெரிக்கக் கப்பலில் கலகச் சந்தேகத்தின்பேரில் மூவர் தூக்கிலிடப்பட்டனர். அதில் அதிகாரியாக இருந்தவர் மெல்வில்லின் ஒன்றுவிட்ட சகோதரர். 1851-இல் தப்பியோடிய அடிமையான தாமஸ் ஸிம்ஸை, தமக்கு அடிமைமுறையில் வெறுப்பிருந்தும், சட்டத்தைக் காட்டி விடுவிக்க மறுத்த நீதிமன்றத்தின் தலைவர் லெமூவல் ஷாவே. வீரின் வாதத்தில் மாமனாரின் குரலைக் கேட்கும் ஆராய்ச்சியாளர் உளர். நிரூபணம் இல்லாவிடினும் இவ்வூகம் நியாயமற்றதன்று.

ஆராய்ச்சியாளர் கொள்கைகள்

1921-இல் வெளிவந்த வீவரின் சரித்திரம், புறக்கணிக்கப்பட்ட மேதை என்ற சித்திரத்தை நிலைநாட்டியது. 1923-இல் டி. எச். லாரன்ஸ், மோபி டிக்கில் வெள்ளை இனத்தின் ஆன்ம அழிவையே கண்டார். 1941-இல் மாத்தியெஸன் எழுதிய பெருநூல் எமர்ஸன், தோரோ, ஹாதார்ன், விட்மன் ஆகியோர் வரிசையில் மெல்வில்லை வைத்து, ஷேக்ஸ்பியரிடம் அவர் பட்ட கடனை விளக்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆகாபைச் சர்வாதிகாரிகளின் முன்னுருவமாகக் கொள்வது பெருவழக்காயிற்று. இவ்வழியில் சென்றோருள் தனித்து நிற்பவர் டிரினிடாடு தீவினரான சி. எல். ஆர். ஜேம்ஸ். 1952-இல் குடியேற்ற அதிகாரிகளால் எல்லிஸ் தீவில் காவலில் வைக்கப்பட்டிருந்தபோது அவர் எழுதிய நூல், ஆகாபை விட்டு, பல தேசத்து மாலுமிகளையே பீக்வாடின் உண்மையான நாயகர்களாகக் கண்டது.

பில்லி பட்டைப் பற்றிய வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. 1933-இல் கிராண்ட் வாட்ஸன், ஊழைக் கலகமின்றி ஏற்றுக்கொண்ட முதியவரின் இறுதி மொழி என்று அதற்குப் பொருள் கூறினார். 1950 முதல் எழுந்த மற்றொரு சாரார், அது சட்டத்தின் கொடுமையை அங்கதமாகச் சாடுவது என்று மறுத்தனர். இரு சாராருக்கும் கதையில் ஆதாரம் கிடைக்கின்றது. ஆயின் இருவரும் மெல்வில்லிடம் தீர்ப்பொன்றை எதிர்பார்க்கின்றனர் என்பதே அவ்வாராய்ச்சிகளின் குறை. ஸ்டார்பக், வக்கீல், டெலானோ, வீர் ஆகிய நால்வரையும் சேர்த்து நோக்கினால், ஆசிரியர் குற்றவாளியைத் தேடவில்லை என்பது தெளிவாகும். நல்லவர் ஒருவர் அடி பிசகாமல், ஒவ்வொரு படியிலும் நியாயம் கூறிக்கொண்டே, அநியாயத்தின் வாசலுக்கு எப்படி வந்து சேர்கிறார் என்பதையே அவர் திரும்பத் திரும்ப அளந்து காட்டுகிறார்.

சமர்ப்பணங்கள் வெறும் சம்பிரதாயம் என்பர். மெல்வில் விஷயத்தில் அவற்றுக்கும் சாட்சியாகும் தகுதி உண்டு. டைப்பி நீதிபதி ஷாவுக்கு உரிமையாக்கப்பட்டது. நிரபராதி ஒருவன் சட்டப்படி தூக்கிலேறும் பில்லி பட்டோ, போர்க்கப்பலில் தோழனுக்காக வாய் திறந்த ஜாக் சேஸுக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. வீரைக் குற்றவாளி என்றோ குற்றமற்றவர் என்றோ கதைக்குள் எழுத மறுத்த ஆசிரியர், எந்த மனிதனின் பக்கம் தாம் நின்றார் என்பதை அந்தச் சமர்ப்பணத்தில் எழுதிவைத்தார். மெல்வில்லின் கருத்து யாதென்று வினவுவோருக்கு நான் அதையே விடையாகக் காட்டுவேன்.